நோவிஸ் பந்தயம்: தகுதிச் சுற்றில் சரியாக இருந்த பிரேக் புள்ளி பந்தயத்தில் ஏன் தவறிப்போனது?

தாம்பரம்37 | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். கடந்த வார இறுதியில் சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் என் முதல் பைக் பந்தயத்தை ஓட்டினேன். 165 சிசி நோவிஸ் பிரிவு, அதாவது புதியவர்களுக்கானது. சனிக்கிழமை நடந்த முதல் பந்தயத்தில் பதினொன்றாவதாக முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பந்தயத்தின் முதல் சுற்றிலேயே விழுந்தேன். இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை. விழுந்த வலியைவிட, ஏன் விழுந்தேன் என்பது இன்னும் பிடிபடாததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. காரணம் தெரியாமல் அடுத்த பந்தயச் சுற்றுக்குப் பெயர் கொடுக்க மனம் ஒப்பவில்லை. அதனால் மூன்று நாட்களில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு நானும் என் தம்பியும் போய்ச் சேர்ந்தோம். முகப்பு விளக்கு, இன்டிகேட்டர், கண்ணாடிகள், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றியிருந்தேன். ஸ்க்ரூட்டினி என்ற வண்டிச் சோதனையில் ஒரே ஒரு குறைதான் வந்தது. ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு அது கழன்றுவிடாமல் இருக்க நான் கட்டியிருந்த லாக் வயர் என்ற கம்பி, போல்ட்டைத் தளர்த்தும் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இறுக்கும் பக்கமாக இழுக்கும்படி கட்டினால்தான் அது காவல் என்று சோதனையாளர் பொறுமையாக விளக்கித் திருப்பி அனுப்பினார். பக்கத்துக் கூடாரத்திலிருந்த பையன், மறுநாள் என்னோடு அதே பந்தயத்தில் நிற்கப்போகிறவன், தன் பிளையரோடு வந்து தரையில் படுத்து இரண்டு நிமிடத்தில் கட்டிக்கொடுத்தான்.

தகுதிச் சுற்றில் கூட்டம் கலைந்துவிட்டதால் பெரும்பாலும் தனியாகவே ஓட்டினேன். என் சிறந்த நேரம் 2 நிமிடம் 14 வினாடி. நான் விழுந்த வளைவுக்கு முன்னால் நீண்ட நேர் ஓட்டம் ஒன்று உண்டு. அங்கே 100 மீட்டர் பலகையைத் தாண்டி, ஓரத்தில் தெரியும் ஒரு கம்பத்துக்கு நேராக வரும்போது பிரேக் பிடிப்பது என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்து, ஒவ்வொரு சுற்றிலும் அங்கேயே பிடித்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. சனிக்கிழமைப் பந்தயத்தில் கிளம்பும்போது கிளட்சைத் தவறாக விட்டுப் பின்தங்கிவிட்டேன். முன்னால் போனவர்கள் விலகிப் போய்விட, ஆறு சுற்றில் நான்கைத் தனியாகத்தான் ஓட்டினேன். அப்போதும் அந்தக் கம்பம் சரியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல தொடக்கம் கிடைத்தது. நான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நான் கடைசியில். வண்டியும் என்றும் இல்லாத அளவுக்கு நன்றாக இழுத்தது. லேப் டைமரைப் பிறகு பார்த்தபோது, 122-க்கு மேல் போகாத வண்டி அந்த ஓட்டத்தில் 127 தொட்டிருந்தது. கம்பம் வந்ததும் வழக்கம்போலப் பிரேக் பிடித்தேன். வண்டி வேகம் குறைய மறுப்பதுபோல் இருந்தது. முன்னால் இருந்தவரின் பின்சக்கரம் என்னை நோக்கி வந்தது. வளைவுக்குள் சாய்ந்துகொண்டே இன்னும் அழுத்தினேன். ஹேண்டில் உள்பக்கம் மடங்கியது, சத்தமே இல்லாமல் வண்டி எனக்கு அடியிலிருந்து போய்விட்டது.

நான் சந்தேகப்படுவது மூன்று. சனிக்கிழமை மாலை முன்பக்க பிரேக் பேடுகளைப் புதிதாக மாற்றினேன். அன்று இரவு சிறிது மழை பெய்தது. முன் டயரில் காற்று இரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்திருக்கலாம். இவற்றில் எது?

கோவை_வளைவு | திங்கள், இரவு 10.05

நீங்கள் நலமாக இருப்பது முதலில் மகிழ்ச்சி. நான் செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பழகுகிறவன். அது 2.1 கிலோமீட்டர் தடம், இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் நேர் ஓட்டம் குறைவு, பிரேக் வேலை அதிகம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பேடுதான் காரணம். புதிய பேடு டிஸ்க்கோடு ஒட்டிப் படிவதற்குப் பத்து இருபது தடவை மிதமாகப் பிடித்துச் சூடேற்றி ஆறவிட வேண்டும். அதைச் செய்யாமல் நேராகப் பந்தயத்துக்குக் கொண்டுபோனால், முதல் முறை கடுமையாகப் பிடிக்கும்போது பாதி வேலைதான் நடக்கும். "வேகம் குறைய மறுப்பதுபோல் இருந்தது" என்ற உங்கள் வரியே அதற்குச் சான்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேடுகளைப் படியவைக்க நேரம் கிடைத்ததா?

ஸ்பேனர்14 | செவ்வாய், காலை 7.30

கோவை நண்பர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் வண்டியைப் பார்க்காமல் பட்டறையில் தீர்ப்புச் சொல்வதில்லை. தம்பி, முன்சக்கரத்தைக் கழற்றிப் பேடின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல மினுமினுப்பாக இருக்கிறதா, சாம்பல் நிறத்தில் சீராக இருக்கிறதா? டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா? முன் டயரில், விழுந்த பக்கத்து ஓரம் எப்படி இருக்கிறது? பிரேக் லிவர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது? இந்த நான்கும் தெரிந்தால் பேசலாம். ஒரு வேண்டுகோள்: பார்த்து முடிக்கும்வரை எதையும் துடைக்காதீர்கள்.

தாம்பரம்37 | செவ்வாய், இரவு 8.47

கேட்டபடி கழற்றிப் பார்த்தேன் அண்ணா. பேடு இரண்டும் சாம்பல் நிறத்தில், ஓரம்வரை ஒரே சீராக இருக்கின்றன. டிஸ்க்கில் நிறமாற்றம் இல்லை. கோவை நண்பரின் கேள்விக்கும் இதிலேயே விடை சொல்லிவிடுகிறேன்: ஞாயிறு காலை வார்ம்-அப்பில் நான்கு சுற்று ஓட்டினேன், அப்போது கம்பத்துக்கு நேராகப் பிடித்தபோது வண்டி நன்றாகவே நின்றது. மழை ஈரமும் அதற்குள் முழுதாகக் காய்ந்திருந்தது.

முன் டயரில் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இருக்கிறது. அதற்குள் ரப்பர் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருண்டு, எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றன. லிவரின் நுனியில் மண் இறுகிப் போயிருக்கிறது. லிவர் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. கையுறையின் உள்ளங்கையில் இருந்த பிளாஸ்டிக் வில்லை பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. அது இல்லாதிருந்தால் என் உள்ளங்கை தேய்ந்திருக்கும் என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

ஸ்பேனர்14 | செவ்வாய், இரவு 9.30

அப்படியானால் பேடையும் டயரையும் விட்டுவிடலாம். சீராகச் சாம்பல் நிறத்தில் இருக்கும் பேடு தன் வேலையைச் செய்த பேடு. ரப்பர் உருண்டு இழுபட்டிருப்பது, டயர் சூடாக இருந்தது, கடைசிவரை பிடித்துப் பார்த்தது, அதன் சக்திக்கு மேல் கேட்கப்பட்டதால் விட்டுவிட்டது என்பதைக் காட்டுகிறது. இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசத்தால் அந்த வேகத்தில் வண்டி இப்படி அடியோடு போகாது. வண்டியில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாய்வில் இருக்கும் முன்சக்கரத்திடம் திருப்பத்தையும் பிரேக்கையும் ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதுதான் இனிக் கண்டுபிடிக்க வேண்டியது. அதைப் பட்டறையிலிருந்து சொல்ல முடியாது, தடத்தில் இருந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

மஞ்சள்கொடி | புதன், மதியம் 1.15

நான் பார்த்தேன். அந்த வளைவில் ஞாயிற்றுக்கிழமை கொடி பிடித்துக்கொண்டு நின்ற தன்னார்வ மார்ஷல்களில் நானும் ஒருவன். 37 என்ற எண் நினைவிருந்ததால் இந்த இழையைத் திறந்தேன்.

ஓட்டுகிறவருக்கு வளைவு ஒரு நொடியில் கடந்துவிடும். எங்களுக்கு அது நாள் முழுவதும் கண்முன் இருக்கும் இடம். ஒவ்வொருவரும் பிரேக் பிடிக்க எங்கே நெஞ்சை நிமிர்த்திக் காற்றில் எழுகிறார்கள் என்பது நாலைந்து சுற்றில் மனப்பாடமாகிவிடும். சனிக்கிழமை முழுவதும் நீங்கள் அந்தக் கம்பத்தில்தான் எழுந்தீர்கள். இன்னும் சொன்னால், அவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் எழுந்த நோவிஸ்கள் அன்று குறைவு. ஞாயிற்றுக்கிழமை நான்கு வண்டிகளும் ரயில் பெட்டிபோல வந்தன. முதலாமவர் தன் வழக்கமான இடத்தில் எழுந்தார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. இரண்டாமவரும் மூன்றாமவரும் தாங்கள் சனிக்கிழமை எழுந்த இடத்துக்குச் சற்று முன்னதாகவே எழுந்தார்கள். நீங்கள் மட்டும் அதே கம்பத்தில் எழுந்தீர்கள். நீங்கள் எழுந்த கணத்திலேயே நான் கொடியை இறுகப் பிடித்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; இதை வருத்தப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். விழுந்து உருண்டு நின்ற மறுநொடி நீங்கள் எழுந்து வண்டியை நோக்கி நடந்தீர்கள். பின்னால் பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்துகொண்டிருந்தன. மஞ்சள் கொடி ஆடினாலும், முதல் சுற்றில் கூட்டத்தின் நடுவில் வருகிறவருக்கு அது தெரிய ஒரு நொடி பிடிக்கும். உருண்டு முடியும்வரை கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு வண்டிகள் வரும் திசையைப் பாருங்கள். அதன் பிறகு தடத்துக்கு எதிர்ப்பக்கம், வேலியை நோக்கிப் போங்கள். வண்டியை எடுப்பது எங்கள் பொறுப்பு. 2023 ஆகஸ்டில் இதே தடத்தில் தேசியச் சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றில் 13 வயதுப் பையனை இழந்தோம். அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்கள் எல்லாம் கைவிடப்பட்டன. அதற்குப் பிறகு, விழுந்தவர் தானாக நடந்து வேலியைக் கடக்கும் வரை எனக்கு மூச்சு சீராவதில்லை.

பெட்ரோல்வாசம் | புதன், மாலை 6.20

மஞ்சள்கொடி அண்ணா, பார்த்ததை அப்படியே எழுதியதற்கு நன்றி. பெண்கள் பிரிவில் இரண்டு பருவம் ஓட்டியவள் என்ற முறையில் எனக்கு விடை இப்போது தெளிவாகத் தெரிகிறது. தாம்பரம் தம்பி, உங்கள் முதல் பதிவிலேயே அது இருக்கிறது. "வண்டி என்றும் இல்லாத அளவுக்கு நன்றாக இழுத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று உங்கள் எஞ்சின் புதிதாக எதையும் செய்யவில்லை. மூன்று பேர் உங்களுக்கு முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் ஸ்லிப்ஸ்ட்ரீமில், அதாவது அவர்கள் முதுகுக்குப் பின்னால் காற்றின் தடை குறைந்த மறைவில் இருந்தீர்கள்.

தகுதிச் சுற்றில் தனியாக, சனிக்கிழமைப் பந்தயத்தில் தனியாக, ஞாயிறு வார்ம்-அப்பிலும் அநேகமாகத் தனியாக. வாழ்க்கையில் முதல் தடவை ஒரு வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு அந்த ஓட்டத்தில் வந்தது அந்த ஒரு சுற்றில்தான். தனியாக ஓட்டும்போது கண்டுபிடித்த பிரேக் புள்ளி தனியாக ஓட்டும்போது மட்டுமே செல்லும். என் முதல் பருவத்தில் நானும் இதே காரணத்தால் ஒரு வளைவில் நேராகப் போய் மண்ணில் இறங்கினேன். சாய்ந்திருக்கவில்லை என்பதால் விழாமல் தப்பினேன்.

இயற்பியல் ஆசிரியை | புதன், இரவு 9.55

நான் பந்தயம் ஓட்டியதில்லை. என் மகன் ஓட்டுகிறான், அதனால் இந்த இழைகளை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். பெட்ரோல்வாசம் சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்க்க முடியும் என்பதால் எழுதுகிறேன்.

122 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 33.9 மீட்டர், 127 என்பது 35.3 மீட்டர். வளைவுக்குள் நுழைய ஏற்ற வேகம் 80 என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 22.2 மீட்டர். நன்றாகப் பிரேக் பிடிக்கும்போது வேகம் ஒவ்வொரு நொடிக்கும் 8 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொண்டால், 122-லிருந்து 80-க்கு வர 41 மீட்டர் தேவை. 127-லிருந்து வர 47 மீட்டர் தேவை. வெறும் 5 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால் 6 மீட்டர் கூடிவிட்டது.

இதோடு முடியவில்லை. தனியாகப் போகும்போது நெஞ்சை நிமிர்த்தியதும் காற்றே ஒரு பிரேக்காக வேலை செய்கிறது. சிறிய வண்டியில், இந்த வேகத்தில், மொத்தப் பிரேக்கில் ஆறில் ஒரு பங்குவரை காற்றின் தடையிலிருந்தே வரலாம். முன்னால் மூன்று பேர் இருக்கும்போது அந்தக் காற்று உங்கள் நெஞ்சில் முழுதாகப் படுவதில்லை. அதனால் 8 என்ற அந்த வீதம் 7.5 ஆகக் குறைந்தால், தேவைப்படும் தூரம் 50 மீட்டர். தனியாக ஓட்டியபோது தேவைப்பட்டதைவிட 9 மீட்டர் அதிகம். உங்கள் வண்டி இரண்டு மீட்டர் நீளம் என்றால், நாலு வண்டிக்கு மேல் நீளம். "வேகம் குறைய மறுப்பதுபோல் இருந்தது" என்று தம்பி எழுதியது அவருடைய பிரமை இல்லை. உண்மையிலேயே அது மெதுவாகத்தான் குறைந்திருக்கிறது.

அதே கம்பத்தில் பிடித்து அதே 41 மீட்டரில் வளைவைத் தொட்டிருந்தால், நுழையும் வேகம் ஏறத்தாழ 90 கிலோமீட்டராக இருந்திருக்கும். 80-க்குப் பதில் 90 என்றால், அதே கோட்டில் திரும்ப டயரிடம் கேட்கும் பிடிப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அதன்மேல் பிரேக்கும் சேர்ந்தால் ஸ்பேனர்14 சொன்னதுதான் நடக்கும். தம்பி, உங்கள் லேப் டைமரில் வளைவு நுழைவின் வேகம் பதிவாகியிருந்தால் சரிபார்த்துச் சொல்ல முடியுமா? என் ஊகங்கள் தவறாக இருந்தால் திருத்திக்கொள்வேன்.

தாம்பரம்37 | புதன், இரவு 11.20

அம்மா, இப்போதுதான் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமையின் நல்ல சுற்றுகளில் நுழைவு வேகம் 79, 80, 81. ஞாயிற்றுக்கிழமை 91.

இந்த எண்ணை மூன்று நாட்களாகக் கையில் வைத்துக்கொண்டுதான் பேடையும் மழையையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அதிகபட்ச வேகத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, அடுத்த வரியைப் பார்க்கவில்லை. நீங்கள் ஐவரும் இவ்வளவு நேரம் செலவழித்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மஞ்சள்கொடி அண்ணா, நீங்கள் சொன்ன இன்னொன்றையும் மனதில் எழுதிக்கொண்டேன்.

கோவை_வளைவு | வியாழன், காலை 8.10

பேடு என்று அடித்துச் சொன்னது என் தவறு, ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் தடத்தில் இவ்வளவு நீண்ட ஓட்டம் இல்லாததால் இந்தச் சிக்கலை நான் இந்த அளவில் சந்தித்ததில்லை.

ஆனால் இதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அதை இங்கேயே வைக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் சான்றிதழ் பெற்று, மருத்துவச் சான்றோடு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வாங்கினால் நோவிஸ் பிரிவில் நிற்கலாம். அந்தப் பயிற்சியில் பாதை, பிரேக், உடல் நிலை, கொடிகள் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். வரிசையில் ஒட்டி ஓட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? ஒரு பருவம் முழுதும் டிராக் டேகளில், அதாவது போட்டி இல்லாமல் கட்டணம் கட்டித் தடத்தில் ஓட்டும் நாட்களில், ஓட்டிவிட்டுத்தான் பந்தயத்துக்கு வர வேண்டும் என்று நான் எப்போதும் சொல்லிவருகிறேன். இந்த விபத்து என் கருத்தை வலுப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன்.

பெட்ரோல்வாசம் | வியாழன், காலை 11.40

இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. டிராக் டேயில் இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள். முந்துவதற்குக் கட்டுப்பாடு இருக்கும். முன்னால் ஒருவர் மெதுவாகப் போனால் நாமே பின்வாங்கி, இடைவெளி உண்டாக்கிக்கொண்டு ஓட்டுவோம். அப்படிப் பத்து நாள் ஓட்டினாலும் தம்பி அந்தக் கம்பத்தை இன்னும் உறுதியாக நம்பியிருப்பாரே தவிர, அது நகரும் என்று கற்றிருக்க மாட்டார். தனியாக ஓட்டும் பழக்கம் எவ்வளவு கூடுகிறதோ, அந்த நம்பிக்கையும் அவ்வளவு கெட்டிப்படும்.

செலவையும் யோசிக்க வேண்டும். நாள் கட்டணம், டயர், பெட்ரோல், குட்டியானை வாடகை, விடுமுறைக்கு இழக்கும் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு பருவம் முழுக்க டிராக் டே ஓட்டும் வசதி, வேலைக்குப் போய்க்கொண்டு ஓட்டுகிற எத்தனை பேருக்கு இருக்கிறது? இருக்கும் பயிற்சி நாளிலேயே கடைசி ஒரு மணி நேரம் நால்வர் நால்வராக வரிசையில் ஓட்டச் சொல்லி, வரிசையின் கடைசியில் ஒவ்வொருவரையும் மாற்றி மாற்றி வைத்தால் போதும். எனக்கு அப்படிச் சொல்லித்தந்தது என்னைவிட மூத்த பெண் ஒருவர். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் "என் பின்சக்கரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டு வா, நான் எங்கே எழுகிறேனோ அதற்கு முன்னால் நீ எழ வேண்டும்" என்று சொல்லி ஆறு சுற்று இழுத்துக்கொண்டு போனார். அந்த ஆறு சுற்றுகளைப் போல வேறு எதுவும் எனக்குப் பயன்பட்டதில்லை.

சோழவரத்துக்காரன் | வியாழன், இரவு 7.45

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன்னால், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்களைச் சோழவரத்தில் பார்த்தும், நண்பர்களுக்கு வண்டி தள்ளியும், ஓரிரு தடவை ஓட்டியும் வளர்ந்தவன். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். நேராகக் கிடக்கும் கான்கிரீட். கண்ணுக்கு எட்டியவரை நிழல் இல்லை. ஆர்டி 350 வைத்திருந்தவர்களுக்கு எஞ்சின் பலம் இருந்தது. ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த எங்களுக்கு முன்னால் போகிறவன் முதுகுதான் பலம். சிறிய எஞ்சினுக்கு இருக்கும் கொஞ்ச சக்தியில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுவதால், ஸ்லிப்ஸ்ட்ரீமின் லாபம் சிறிய வண்டிக்குத்தான் மிகத் தெளிவாகத் தெரியும். லாபம் எவ்வளவு தெரிகிறதோ, ஆபத்தும் அவ்வளவு.

இரண்டு பேர் வாதத்திலும் எனக்குப் புகுந்து தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லை. அன்றைக்குப் பெரியவர்கள் எங்களுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். அது இன்றைக்கும் செல்லும்.

காற்றின் மறைவில் போகலாம், ஆனால் பிரேக் பிடிக்கும் இடம்வரை மறைவிலேயே இருக்கக்கூடாது. வளைவு நெருங்கும்போது அரை வண்டி அகலம் பக்கவாட்டில் விலகி வெளியே வா. விலகியதும் காற்று உன் தோளில் மோதும். அந்த மோதலே "இப்போது உன் வேகம் உன்னுடையது இல்லை" என்று சொல்லிவிடும். அதோடு பாதையும் கண்ணுக்குத் திறக்கும். தம்பி, நீங்கள் கம்பத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு ஓரத்தில் இருக்கும் ஒன்றைப் பிடித்ததே பெரிது. பலருக்கு அது தெரியவே தெரியாது. முன்னால் இருப்பவர் பிரேக் பிடித்த பிறகுதான் விழித்துக்கொள்வார்கள். பலகையையும் கம்பத்தையும் விடத் தரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கூட்டத்தில் தரை மட்டும்தான் ஓரளவு தெரியும். கண் முன்சக்கரத்தின் மேலோ முன்னவர் பின்சக்கரத்தின் மேலோ தங்கக்கூடாது. முன்னவர் தோளுக்கு மேலே, வளைவின் உள்ளே பார்க்க வேண்டும். பின்சக்கரத்தைப் பார்த்தால் அதை நோக்கித்தான் போவோம், அது உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன்: அந்தக் கணத்தில், 91-ல் நுழைந்துவிட்ட பிறகு, சாயாமல் நேராக வெளியே போயிருக்க இடம் இருந்ததா?

மஞ்சள்கொடி | வியாழன், இரவு 8.30

ஐயா, இருந்தது. வெளிப்பக்கம் யாரும் இல்லை. வண்டியை நிமிர்த்தி, நேர்க்கோட்டில் பிரேக் பிடித்தபடி அகலமாகப் போயிருந்தால் நான்கைந்து இடங்கள் இழந்திருப்பார். ஒருவேளை மண்ணில் இறங்கியிருப்பார். ஆனால் பெரும்பாலும் வண்டியின் மேலேயே இருந்திருப்பார். முதல் பருவத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வழி இருக்கிறது என்பதே அந்த நொடியில் நினைவுக்கு வருவதில்லை. வரிசையை விட்டுவிடுவோமோ என்ற பயம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

கோவை_வளைவு | வெள்ளி, காலை 7.05

பெட்ரோல்வாசம் சொன்ன நால்வர் வரிசைப் பயிற்சி, ஒரு பருவ டிராக் டேயைவிட நேரடியாக இந்தக் குறையைத் தொடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பருவம் முழுதும் காத்திருக்க வேண்டும் என்ற என் கருத்தை இந்த விஷயத்துக்கு மட்டும் திரும்பப் பெறுகிறேன். எங்கள் ஊரில் மாதம் ஒரு முறை ஆறேழு பேர் சேர்ந்து பழகுகிறோம். வரும் மாதம் இதை எங்கள் பயிற்சியில் சேர்க்கப்போகிறேன்.

தாம்பரம்37 | மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.00

மணிக்கட்டு சரியான பிறகு நேற்று இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சி நாள் ஒன்று கிடைத்தது. லாக் வயர் கட்டிக்கொடுத்த பையனையும், அன்று எனக்கு முன்னால் போனவர்களில் இருவரையும் அழைத்தேன், மூவரும் வந்தார்கள். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாதபடி ஏற்பாட்டாளர்களிடம் அனுமதி வாங்கி, மதியத்துக்குப் பிந்தைய ஒரு பகுதியில் நால்வரும் வரிசையாக ஓட்டினோம்.

முதல் இரண்டு சுற்றில் ஐயா சொன்னபடி அரை வண்டி அகலம் விலகினேன். காற்று தோளில் மோதுவது, மூடிய அறையின் ஜன்னலைத் திடீரென்று திறந்ததுபோல இருந்தது. தனியாகப் போகும்போது அந்த மோதல் எப்போதும் இருந்துகொண்டே இருப்பதால் அதை நான் கவனித்ததே இல்லை. தரையில் கெர்ப் என்ற தட ஓர விளிம்பு தொடங்கும் இடத்துக்கு முன்னால் சிமென்ட் இணைப்பு ஒன்று குறுக்கே போகிறது. அதைத் தனி ஓட்டத்துக்கான அடையாளமாக வைத்துக்கொண்டு, வரிசையில் வரும்போது அதற்கு நான்கு வண்டி நீளம் முன்னால் எழுந்தேன். ஆசிரியை அம்மாவின் 9 மீட்டர். மூன்றாம் சுற்றில் அது அதிகமாகப் போய்விட்டது, இருவர் முந்திப் போனார்கள். ஐந்தாம் சுற்றில் கொஞ்சம் குறைத்தேன். நுழைவு வேகம் 82, 81, 80 என்று வந்தது. வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை முன்னதாகத் திறக்க முடிந்ததால், முந்தியவர்களில் ஒருவரை அடுத்த ஓட்டத்தில் திரும்பப் பிடித்தேன்.

வரிசையின் முன்னால் நான் போன சுற்றுகளில் இன்னொன்று தெரிந்தது. எனக்குப் பின்னால் வருகிறவருக்கும் இதே சிக்கல் உண்டு. நான் திடீரென்று முன்னதாகப் பிரேக் பிடித்தால் அவர் என்மேல் வந்துவிடுவார். அதனால் எழுவதற்குச் சற்று முன்னால் முழங்காலையோ தலையையோ அசைத்து அடையாளம் காட்டுவது என்று நால்வரும் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பந்தயத்தில் இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று மூத்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஸ்பேனர்14 அண்ணா, வளைந்த லிவரைச் சூடுபடுத்தி நேராக்கிப் பயன்படுத்தலாமா, புதிது வாங்க வேண்டுமா?

ஸ்பேனர்14 | ஞாயிறு, இரவு 8.25

புதிது வாங்குங்கள் தம்பி. அலுமினியம் ஒரு தடவை வளைந்து நிமிர்ந்தால் உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அடுத்த தடவை கடுமையாகப் பிடிக்கும்போது கையோடு வந்துவிடும். வாங்கும்போது லிவர் கார்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். நால்வராக ஓட்டத் தொடங்கிவிட்டீர்கள், பக்கத்து வண்டியின் ஹேண்டில் உங்கள் லிவரைத் தொடும் நாள் வரும்.

மஞ்சள்கொடி | திங்கள், காலை 6.50

அடையாளம் காட்டுவதைப் பற்றி: பயிற்சியில் செய்யுங்கள், பந்தயத்தில் அதை நம்பி ஓட்டாதீர்கள். பின்னால் வருகிறவர் உங்கள் நால்வரில் ஒருவராக இல்லாமல் போகலாம். உங்கள் கோட்டை மாற்றாமல், ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி எழுந்தால் பின்னால் வருகிறவர் உங்களை நம்பலாம். அந்த ஒழுங்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த பந்தயச் சுற்றிலும் எனக்கு அதே வளைவுதான் என்று சொல்லியிருக்கிறார்கள்.